லீலாபாய் சிஸ்டர் மாற்றிச் சொன்னது

கோட்டாறு கடைத்தெருவில் சீனி வாங்கிக்கொண்டு நின்றபோது தகவல் வந்தது. எங்களோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த குமரேசன் கூப்பிட்டான். "தாணு அண்ணாச்சி, லீலாபாய் சிஸ்டர் போயிட்டாவ. காலைல அஞ்சு மணிக்கு. ஹார்ட்டுதான்" என்றான். எங்கள் துறையில் இரண்டு லீலாபாய்கள் இருந்தார்கள். தெருச் சத்தத்தில் எனக்குப் பிடிபடாமல், "எந்த லீலாபாய்?" என்று கேட்டுவிட்டேன். "கோர்ட்டுல மாத்திச் சொன்னாவல்லா, அவிய" என்றான்.

முப்பது வருடம் மலைப்பாதையில் ஏறி இறங்கி, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தன் கையால் ஊசி போட்ட ஒரு செவிலியருக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் அடையாளம் இது. குமரேசன் மேல் கோபம் வந்தது. அவன் அப்படிச் சொன்ன மறுநொடியே ஆள் யாரென்று எனக்கும் விளங்கிவிட்டதே என்று என் மேலும் வந்தது. சீனியைக் கடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சங்கத்தின் அஞ்சலிக் கூட்டத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே, "அந்தக் கேஸ் விஷயத்த மட்டும் விட்டிருங்க அண்ணாச்சி, இப்ப அது என்னத்துக்கு" என்றும் சொன்னார்கள். நான் அந்தக் கேஸ் விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன். சிஸ்டர் நல்லவர், வல்லவர், சிரித்த முகம் என்பதெல்லாம் கூட்டத்தில் பேசுகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பக்கத்துக்குள்ளும் இது அடங்காது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் மருந்தாளுநர், அவர் கிராம சுகாதார செவிலியர். பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். காலையில் கீரிப்பாறை போகும் பஸ்ஸில் நான் வடசேரியில் ஏறுவேன், அவர் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஏறுவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமையை முதல் நாளே எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஊசி நாள். அப்படி ஒரு புதன்கிழமை எஸ்டேட் குடியிருப்பிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் இரண்டாவது தடுப்பூசிக்கு வந்தாள். நல்ல கூட்டம். சிஸ்டர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். "நீ போன வாரம் போட்டாச்சுல்லா மக்ளே, நான்தானே போட்டேன்" என்று பதிவேட்டில் டிக் அடித்து அனுப்பிவிட்டார். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் போய்விட்டாள். சாயங்காலம் என்னோடு மருந்து இருப்பை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு ஊசி மிச்சம் இருந்தது. சிஸ்டர் அரைமணி நேரம் பதிவேட்டைப் புரட்டினார். போன வாரம் ஊசி போட்டுக்கொண்டவள் அந்தப் பெண்ணின் ஓரகத்தி. இவள் துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் குடியிருப்புக்கு நடந்தோம். அட்டை கடித்தது. நான் புலம்பிக்கொண்டே போனேன். அந்த வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்க, "தப்பு எம்மேல. ஒம் மொகம் தெரிஞ்சுது, அதனால ஊசியும் போட்டாச்சுன்னு நெனச்சிட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற நர்சை அந்தக் குடியிருப்பு அதற்கு முன் பார்த்திருக்காது. திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாபகத்துக்கு எங்கள் ஊரில் ஓர்மை என்பார்கள்.

"தெரியும்ங்கது ஒண்ணு தாணு, ஓர்மை உண்டுங்கது வேற. மொகம் சும்மா உள்ள வந்துரும். எங்க, எப்போ, யாருகூடங்கதெல்லாம் பைய பின்னால வரும். வராமலும் போவும். நான் முன்னால வந்தத பாத்துட்டு பின்னால வர வேண்டியதும் வந்தாச்சுன்னு நெனச்சிட்டேன்."

அதற்குப் பிறகு சிஸ்டரிடம் யாரும் சும்மா ஒன்றைச் சொல்லிவிட முடியாது என்றாயிற்று. "போட்டாச்சு சிஸ்டர்" என்று ஒரு தாய் சொன்னால், "தெரியுமா, ஓர்மை உண்டா?" என்று கேட்பார். எந்தக் கையில் போட்டது, பிள்ளை அழுதானா, அன்றைக்கு மழையா வெயிலா, எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று வரிசையாகக் கேள்வி வரும். பதில் வந்தால்தான் டிக். வராவிட்டால் ஊசி அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். நாங்கள் வக்கீல் சிஸ்டர் என்று கேலி செய்தோம். "போங்கலே" என்பார்.

இத்தனை கண்டிப்பான மனுஷிக்குத்தான் அது நடந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். வேலை முடிந்து பஸ்ஸை விட்டிறங்கி வயல் ஓரத்து ரோட்டில் வீட்டுக்கு நடந்திருக்கிறார். ஐந்தரை மணி, நல்ல வெளிச்சம். பின்னால் வந்த பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் தாலிச் செயினைப் பிடித்து இழுத்தான். சிஸ்டர் கையை ஊன்றி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. பைக் போகும்போது பின்னால் இருந்தவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். முகத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டு. அவருடைய கணவர் சுயம்பு அண்ணாச்சி, உரக்கடை வைத்திருந்தவர், "தாலியில்லா போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து செல்போனில் சில படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த சிஸ்டர் ஒரு படத்தில் நிறுத்தினார். "இந்த மொகம் எனக்குத் தெரியும்" என்றார். போலீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தில் இருந்தவன் பெயர் தங்கையன், திட்டுவிளைக்காரன், ரப்பர் தொழிற்சாலையில் கூலி வேலை. முன்பு ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் திருடியதாக ஒரு கேஸ் இருந்தது. அதே நிறத்தில் பைக்கும் வைத்திருந்தான்.

"தாணு, நீயும் பாரு" என்று போனை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். உள்ளே ஒன்று திடமாகச் சொல்லியது, இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன் என்று. "இவனேதான் சிஸ்டர். பாத்தாலே தெரியுதே, திருட்டு மூஞ்சி" என்றேன். நான் சம்பவ இடத்திலேயே இல்லாதவன். 'இவனேதான்' என்று சொல்ல எனக்கு என்ன வாய்? ஆனால் சொன்னேன், அதுவும் சத்தமாக. சிஸ்டர் சொன்னது 'தெரியும்' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான். அவனுடைய பழைய கேஸும் பைக்கின் நிறமும் என் வாயும் சேர்ந்து, அந்தத் 'தெரியும்' ஒரு வாரத்துக்குள் 'இவன்தான்' ஆகிவிட்டது. ஊரில் எல்லாரிடமும் கேட்ட 'ஓர்மை உண்டா' என்ற இரண்டாவது கேள்வியை அவர் அன்று தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த நானும் கேட்கவில்லை.

சிறையில் அடையாள அணிவகுப்பு நடந்தது. ஒரே மாதிரி உடல்வாகுள்ள ஆட்களை வரிசையாக நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னால், ஆளைத் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். சிஸ்டர் மாவுக்கட்டுக் கையோடு போய், வலது கையால் தங்கையன் தோளைத் தொட்டார். "நடுக்கமே இல்ல தாணு. பாத்ததும் தெரிஞ்சுது" என்று போனில் சொன்னார். "கொள்ளாம் சிஸ்டர்" என்று மெச்சினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

மாவுக்கட்டுப் பிரித்து அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை. டிரைவர் பக்கத்து நீள சீட்டில் அவருக்கு வழக்கமான இடம். நான் நாலு வரிசை தள்ளி ஜன்னல் ஓரம். திட்டுவிளையில் தொழிற்சாலைக்காரர்கள் ஏறி பஸ் நிறைந்தது. நின்று வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையை வைப்பது எங்கள் பஸ்களில் வழக்கம். அதற்கு அனுமதியும் கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. "இத ஒண்ணு பிடிங்க" என்று ஒரு நடுவயதுக்காரர் தன் சோற்றுப் பையை சிஸ்டர் மடியில் வைத்தார். ரப்பர்ப்பால் வாடை அடிக்கும் பை, உள்ளே சூடு ஆறாத பாத்திரம். சிஸ்டர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு இருந்தார். அடுத்த நிறுத்தம் தாண்டியதும் எழுந்து, பையும் கையுமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சோறு போகிறதே என்று பைக்குச் சொந்தக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"தாணு, அவன் அங்கதான் நிப்பான்" என்றார்.

"யாரு சிஸ்டர்?"

"நான் தொட்டவன். அந்தக் கம்பியில சாஞ்சு நிப்பான். செவப்புக் கோடு போட்ட பை. ஏறினதும் எம் மடியில வைப்பான், எறங்கும்போ எடுப்பான். ஒரு நாள் கொழம்பு சிந்தி எஞ் சேலையில பட்டுது. தோள்ல கெடந்த துண்ட எடுத்து எங்கையில தந்து, 'தொடச்சுக்கிடுங்க சிஸ்டர்'னான். ரெண்டு வருசமா அவன் சோத்த நான் மடியில வச்சிட்டு வந்திருக்கேன் தாணு."

குரல் உயரவே இல்லை. பஸ்ஸின் சத்தத்தில் நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. பிறகு ஒன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கேஸைப் பற்றி எப்போது நினைத்தாலும் அதுதான் முதலில் வருகிறது. "அன்னைக்கு வரிசைல நான் பக்கத்துல போனப்போ அவன் சிரிக்கப் பாத்தான். பயந்துட்டுப் பல்லக் காட்டுதான்னு நெனச்சேன். இப்பல்லா தெரியுது. நம்ம சிஸ்டர் வந்துட்டாவ, இனி சொல்லிருவாவன்னு நெனச்சிருக்கான். நான் தொட்டேன்."

நான் அறிவாளி மாதிரி ஒன்று கேட்டேன். "பஸ்ல பாத்தவன்னா என்ன சிஸ்டர்? அவனே அன்னைக்குப் பைக்குலயும் வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் தொட்டது பஸ்ல பாத்த மொகத்த. பைக்குல இருந்தவன் மொகம் எனக்கு ஓர்மையே இல்ல. எவ்வளவு தோண்டினாலும் ஒரு சட்டைக் கலருகூட வரல. இது மட்டும் கொழம்பு வாசத்தோட வருது."

பையை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் கூட இறங்கியிருக்க வேண்டும். அந்த முகத்தை நானும் அந்த பஸ்ஸில்தானே பார்த்திருக்கிறேன், திருட்டு மூஞ்சி என்று சொன்ன வாய் என்னுடையதுதானே. இறங்கவில்லை. மருந்தகத்தின் சாவி என் பையில் இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டேஷனில் அவர்கள் சிஸ்டரைத் திட்டவில்லை, பரிதாபப்பட்டார்கள். "விழுந்த அதிர்ச்சியில கொழப்பிக்கிடாதீங்க சிஸ்டர். அவனும் இதத்தான் சொல்லுதான், அந்த சிஸ்டர பஸ்ல தெரியும்னு. தெரிஞ்சதுனாலதானே நீங்க எப்ப வாறிய, எப்ப போறியன்னு நோட்டம் பாத்திருக்கான்" என்றார்களாம். அதாவது தங்கையன் ஆரம்பத்திலிருந்தே உண்மையைச் சொல்லியிருக்கிறான். அதுவே அவனுக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகுதான் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு விசாரணைக்கு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த ஒரு வருடம் சிஸ்டரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவருடைய நன்மையையே நாடினார்கள். முதலில் சொன்னதை மாற்றினால் பொய்ச் சாட்சி என்று உங்களையே உள்ளே வைப்பார்கள் என்று ஒருவர். அரசாங்க வேலை போகும் என்று ஒருவர். ஒன்றும் பேச வேண்டாம், ஓர்மையில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுங்கள் என்று என்னைப் போன்ற ஒருவர். நான்தான் அது. "ஓர்மையில்லைன்னு பொதுவா சொன்னா அதுவும் பொய்தான தாணு. எனக்கு ஓர்மை உண்டுல்லா, பஸ்ஸு" என்றார். சுயம்பு அண்ணாச்சி மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. தாலி அறுத்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்பது அவருடைய வருத்தம். சோறு போட்டால் சாப்பிடுவார், பேச்சு மட்டும் கிடையாது. சிஸ்டர் அதையும் சகித்துக்கொண்டு வேலைக்கு வந்து போனார். மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியை இழுத்து இழுத்துச் சேலைக்குள் விட்டுக்கொள்வார்.

சாட்சி சொன்ன நாளில் விடுப்புப் போட்டுவிட்டு நானும் கோர்ட்டில் இருந்தேன். கூண்டில் நிற்பவரைத் தெரியுமா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"தெரியும்."

"எங்கே பார்த்தீர்கள்?"

"பஸ்ல."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அரசுத் தரப்பு சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று அறிவித்து அவரையே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வாங்கினார். அணிவகுப்பில் இவரைத் தொட்டுக் காட்டினீர்களா என்றார். "தொட்டேன்" என்றார் சிஸ்டர். அப்படியானால் அன்று சொன்னது பொய்யா என்றார். "பொய் இல்ல. தப்பு." எதிரி தரப்பில் எவ்வளவு வாங்கினீர்கள் என்றார். சிஸ்டர் மாஜிஸ்திரேட்டைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி பதிவாகட்டும், பதில் சொல்லுங்கள் என்று அவர் சொன்னதும், "வாங்கினது ஒரு சோத்துப் பை. ரெண்டு வருசம் மடியில வாங்கி வச்சிருந்தேன்" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப உங்க செயினை அறுத்தது யாரும்மா?"

"அந்த மொகம் எனக்கு ஓர்மை இல்ல ஐயா. என்னைக்காவது ஓர்மை வந்தா நானே வந்து சொல்லுதேன். அது வரதுக்கு முன்னால, தெரிஞ்ச மொகத்தையெல்லாம் அந்த எடத்துல கொண்டு வைக்க என்னால முடியாது."

தங்கையன் விடுதலையானான். தீர்ப்பில் சிஸ்டருக்குக் கிடைத்த பெயர் பிறழ் சாட்சி. ஊர் கொடுத்த பெயரை மேலே சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து அவர் சேமநல நிதியில் முன்பணம் எடுத்து ஒரு செயின் வாங்கிப் போட்டார். பார்த்தாயா, அவன் ஆட்கள் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. எங்கள் மருந்தகத்து வாசலிலேயே ஒருவர் என் காதுபடச் சொன்னார். சிஸ்டர் அன்று முதல் அந்தச் செயினைச் சேலைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். "பாக்கட்டும். நல்லா பாத்துக்கிடட்டும்" என்றார்.

இங்கே அவரை அறிந்த எல்லாரிடமும் ஒன்று சொல்கிறேன். தங்கையன்தான் திருடனாக இருந்தால் என்ன செய்வது என்று இன்றைக்கும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. சிஸ்டருக்கும் தெரியாது. செயினை அறுத்தவன் கடைசி வரை பிடிபடவில்லை. தங்கையன் நிரபராதி என்று அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை மட்டும்தான் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு ஆன செலவு உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே வசூலித்தீர்கள். முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அவரை உறுதியான பெண் என்று புகழ்ந்திருப்பீர்கள். இன்றைக்கு அவருக்கு விழும் மாலையும் பெரிதாக இருந்திருக்கும்.

தங்கையன் திரும்ப வேலைக்கு வந்த நாளையும் சொல்ல வேண்டும். திட்டுவிளையில் பின்வாசல் வழியாக ஏறி, கடைசியில், பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். முன்னால் இருந்து சிஸ்டரின் குரல் வந்தது. "தங்கையா, பைய இங்க தா." அவன் அசையவில்லை. சிஸ்டர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பை ஆள் மாறி ஆள் மாறி முன்னால் போய் அவர் மடிக்கு வந்தது. "கூட்டாளிய பாத்தியா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சிஸ்டர் திரும்பி, "வேற யாருகிட்டயாவது பை இருந்தாலும் தாங்க, எடம் இருக்கு" என்றார். பிறகு அவர் ஓய்வு பெறும் வரை அந்த பஸ்ஸில் அதுதான் ஏற்பாடு.

சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே ஒருவர் ஒதுங்கி நின்றார். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. யாரென்றுதான் தெரியவில்லை. துறை ஆளா, சொந்தமா, மருந்து வாங்க வந்தவரா என்று தடவிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடமாகியும் என் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. சிஸ்டரின் மருமகன் அவரிடம் போய், "நீங்க எந்த வகைல சொந்தம்?" என்று கேட்டான். "சொந்தம் ஒண்ணும் இல்ல. பஸ்ல வச்சுப் பழக்கம்" என்றார் அவர். பஸ் என்றதும்தான் எனக்கு ஓர்மை வந்தது. தங்கையன்.

கிட்டப் போய் நின்றேன். அன்று பஸ்ஸை விட்டு இறங்காமல் இருந்தவன் இப்போதாவது வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது. "ஆஸ்பத்திரியில ஒங்க படத்தப் பாத்து, 'இவனேதான்'னு மொதல்ல சொன்னது சிஸ்டர் இல்ல. நான்" என்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"நீங்க ஜன்னல் ஓரம் இருப்பிய சார்" என்றார். "ஒரு நாளு ஒங்ககிட்டதான் மொதல்ல பைய நீட்டினேன். மடியில எடமில்லன்னு சொன்னிய. அப்புறந்தான் சிஸ்டர் கூப்பிட்டு வாங்கினாவ."

எனக்கு அது ஓர்மையே இல்லை. அவர் சொன்ன பிறகும் வரவில்லை. அவருக்கு மட்டும் நாள், சீட்டு, வார்த்தை எல்லாம் இருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். இருவரும் உள்ளே போய், ஆளுக்கு ஒரு பிடி பூப் போட்டோம்.

காடாத்துச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், எங்கள் தெருவில் ஒரு பைக் களவு போன விஷயமாகப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். காமிராவில் விழுந்த ஒரு முகத்தைப் போனில் காட்டினார். பார்த்ததும் எனக்குள்ளே அதே பழைய தாணு எழுந்து நின்றான். தெரியும், தெரியும் என்றான். ஜன்னல் ஓரத்து ஆள், திருட்டு மூஞ்சி என்று சொன்னவன், அவன் எங்கும் போய்விடவில்லை. சாகும்வரை போகவும் மாட்டான் என்று நினைக்கிறேன். லீலாபாய் சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவனை நிறுத்தி வைக்கிற ஒரே ஒரு கேள்வி. எங்கே, எப்போது, யாரோடு என்று அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"மொகம் தெரியும். எங்க பாத்தேன்னு ஓர்மை இல்ல" என்றேன்.

"அடிக்கடி இந்தத் தெருவுல பாத்த ஆளுன்னு போட்டுக்கிடலாமா சார்?"

"வேண்டாம். நான் சொன்னத மட்டும் எழுதுங்க."

"அப்பிடி எழுதி என்ன சார் பிரயோசனம்?"

"ஒரு பிரயோசனமும் இல்ல. எழுதுங்க."

அவர் சலித்துக்கொண்டே எழுதினார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாசித்தார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.